கொலஸ்ட்ரால் சரியான அளவில், சி.ஆர்.பி. அதிகம்: அஞ்ச வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 52. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் 96 மி.கி. என்ற அளவில் உள்ளது. ஆனால் ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. 4.2 என்று வந்திருக்கிறது. இதயத் தமனியில் அடைப்பு இருக்குமா? அழற்சியைக் குறைக்க மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்; அதை நுட்பமாக அளக்கும் பரிசோதனையே ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. அந்த ஓர் எண்ணைக் கொண்டு அடைப்பு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. லிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் இருந்தால் இதயநோய் அபாயம் கூடுதல் என்று கொள்வது வழக்கம்; ஆயினும் சளிக்காய்ச்சல், ஈறு நோய், மூட்டழற்சி, உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவையும் இதை உயர்த்தும் என்பதால், உடல் நலமாக இருக்கும்போது, குறைந்தது இரண்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தமனியின் உட்சுவருக்குள் புகுந்து தங்கும் எல்.டி.எல். துகள்களை விழுங்க வரும் வெள்ளணுக்கள், அங்கே உருவாகும் கொலஸ்ட்ரால் படிகங்களால் தூண்டப்பட்டு இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அது இன்டர்லூகின்-6 என்னும் இன்னொரு புரதத்தின் சுரப்பைப் பெருக்க, அதன் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்கிறது. இதே அழற்சிதான் கொழுப்புப் படிவை மூடியிருக்கும் நார்ப்படலத்தையும் அரித்து மெலியச் செய்கிறது. படலம் கிழிந்தால் அவ்விடத்தில் ரத்தம் உறைந்து மாரடைப்பு நேரலாம்; பாதி அளவுகூட அடைபடாத தமனியிலும் இது நிகழக்கூடும்.

ஆக, சி.ஆர்.பி. தகவல் சொல்லும் புரதமே தவிர குற்றவாளி அன்று. மரபணுவின் காரணமாகப் பிறவியிலிருந்தே அது சற்று மிகுந்திருப்போருக்கு இதயநோய் கூடுதலாக வருவதில்லை. மாறாக, இந்தச் சங்கிலியில் சி.ஆர்.பி.க்கு முன்னால் உள்ள கண்ணியைத் தடுத்தால் பலன் தெரிகிறது: 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்து, எல்.டி.எல். அளவைக் குறைக்காமலேயே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. அது இதயநோய்க்கான வழக்கமான மருந்தாகவில்லை.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற வலிநிவாரணிகள் அழற்சியைத் தணித்தாலும் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுபவை; இந்த நோக்கத்திற்காக அவற்றைத் தொடவே வேண்டாம். அழற்சியைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான கோல்ச்சிசின், குறைந்த அளவில், பெரும்பாலும் தமனிநோய் உறுதியானவர்களிடம் சோதிக்கப்பட்ட மருந்து. ஆய்வு முடிவுகளும் ஒருமித்தவை அல்ல. மறுபரிசோதனையில் சி.ஆர்.பி. 3ஐத் தாண்டாவிட்டாலும் 2க்கு மேல் நீடித்தால், ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு சேர்த்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். எல்.டி.எல்., சி.ஆர்.பி. இரண்டையும் அது குறைக்கும். உங்களைப் போல் எல்.டி.எல். மிகாமல் சி.ஆர்.பி. மட்டும் உயர்ந்திருந்தவர்களிடம் நடந்த ஜூபிட்டர் ஆய்விலும் (2008) பயன் தெளிவாகவே தெரிந்தது.