தலைமை, முன்னிலை, கிரானைட்

கேள்வி: மதுரைக்கு அருகே நான் படித்த கிறித்தவக் கல்லூரியின் முதல்வர் வரும் மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். விரிவுரையாளராகச் சேர்ந்து முதல்வரானவர். பழைய மாணவர்கள் சார்பில் அவரது நீண்ட காலச் சேவையைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்துகிறோம். கல்லூரி வாசலில் ஒரு கிரானைட் கல்வெட்டும் திறக்கிறோம். கல்வெட்டுக்கு நல்ல வாசகம் எழுதித் தர முடியுமா? (பி.கு. இரண்டாம் ஆண்டில் தேர்வுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் வந்து என்னைத் திரும்பக் கூட்டிப்போய்ப் பணம் கட்டியவர் இவர்தான்.)
— பழைய மாணவர், திருமங்கலம்

பதில்: கிரானைட் என்று எழுதிவிட்டீர்கள். மேலூர்க்காரனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதினீர்களா, தெரியாமலா?

சகாயம் ஐ.ஏ.எஸ். என்ற பெயரைப் பார்த்ததும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகர்கள் உண்டு. அவர்கள் இப்போதே புரட்டிக்கொள்ளலாம். எங்கள் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் முறைகேட்டை விசாரிக்க 2014ல் உயர் நீதிமன்றம் அவரை நியமித்தது. 2015ல் அறிக்கை வந்தது. அரசுக்கு இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றது. நாங்கள் ஆடு மேய்த்த குன்றுகள் பல இன்று தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். போன கல் எங்கே போனது என்று கேட்டால் ஜப்பான், சீனா, இத்தாலி என்பார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டுப் பாராட்டு விழாக்களுக்கே போயிருக்கும் என்று சந்தேகம். வாசலுக்கு வாசல் ஒரு பளபளப்பான கறுப்புப் பலகை நிற்கிறதே.

அந்தப் பலகையில் இருப்பது என்ன? உச்சியில் முத்திரை. அடுத்து 'தலைமை'. பேராயரோ ஆட்சிமன்றக் குழுத் தலைவரோ, அந்த வருடம் நிர்வாக வழக்கில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் பெயர். பிறகு 'முன்னிலை' என்று ஒரு கூட்டம். 'திறந்து வைத்தவர்' அமைச்சர். அவர் வராமல் போனாலும் பெயர் இருக்கும், கல்லை முன்பே வெட்டியாயிற்றே. 'வாழ்த்துரை'யில் நன்கொடையாளர்கள், தொகையின் இறங்கு வரிசையில். எல்லாவற்றுக்கும் அடியில், குரோட்டன்ஸ் தொட்டி மறைக்கிற உயரத்தில், ஓய்வு பெறுகிறவரின் பெயர். பெரும்பாலும் அங்கேதான் எழுத்துப்பிழை விழும். கல்லில் பிழை விழுந்தால் எம்-சீல் வைத்து அடைத்து, மேலே கறுப்பு பெயிண்ட் பூசி, சரியான எழுத்தைத் தங்க பெயிண்டால் வரைந்துவிடுவார்கள். இரண்டு மழைக்குப் பிறகு முதல்வரின் இனிஷியல் மட்டும் மாறிவிடும். அவர் என்ன செய்தார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்றால், இருக்கிறது: 'அரும்பணி ஆற்றினார்'. எல்லாக் கல்லிலும் எல்லோரும் ஆற்றிய அதே அரும்பணி.

எங்கள் பக்கத்தில் இதைவிட நல்ல கல்வெட்டு ஒன்று உண்டு. மாங்குளம் மலைக்குப் போயிருக்கிறீர்களா? மீனாட்சிபுரம் ஊருக்கு மேலே, சமணப் படுக்கைகளுக்கு அருகே தமிழி என்கிற தமிழ் பிராமி எழுத்தில் வெட்டியது. ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழசு. 1882ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் கண்ணில் பட்டது. அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1960களில்தான். செய்தி இவ்வளவுதான்: நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்குச் செய்வித்த பள்ளி, அதாவது தங்குமிடம். யாருக்கு, யார், என்ன செய்தார், முடிந்தது. நாட்டை ஆண்ட பாண்டியனே அங்கே இன்னாருடைய முதலாளி என்ற அளவில்தான் வருகிறான். தலைமை இல்லை, முன்னிலை இல்லை. இந்தப் பகுதியைச் சேர்த்துத்தான் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் கிளம்பி மதுரைக்கே நடந்து வந்த பிறகு, 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். அங்கே படுக்கையில் காதலியின் பெயரைச் சுரண்டி, அம்பு விட்டிருக்கும் மகா கவிகளைப் பற்றி அடுத்த இதழில் பேசிக்கொள்கிறேன்.

சரி, கல்லூரிக்கு வருகிறேன். கிறித்தவக் கல்லூரிக்காரர்களுக்கு மனிதர்களை நினைவில் வைக்கும் வித்தை ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1881ல் பசுமலையில் தொடங்கியது. முதல் தலைவர் வாஷ்பர்ன், அவருக்குப் பின் சம்ப்ரோ. இருவர் பெயரும் விடுதிகளுக்குப் போயின. 'நான் சம்ப்ரோவில் இருந்தேன், நீ வாஷ்பர்ன்தானே?' என்று அறுபது வயதுக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் பேசிக்கொள்வதை இன்றும் கேட்கலாம். சம்ப்ரோ யார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். போகட்டும், பெயர் நாக்கில் இருக்கிறதே. அமெரிக்க மிஷனரி டேனியல் பூவர் யாழ்ப்பாணத்திலிருந்து 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர். கல்லூரி பிறப்பதற்கு முன்பே, 1855ல், மறுபடியும் யாழ்ப்பாணத்தில் காலராவில் இறந்துபோனார். அவர் பெயரில் அமெரிக்கன் கல்லூரியில் நூலகம் இருக்கிறது. மறுபக்கம் லேடி டோக் கல்லூரி. 1948ல் அதைத் தொடங்கி நடத்தியவர் கேட்டி வில்காக்ஸ் அம்மையார். ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பது கொடையாளர் பக்கத்துப் பெயர். இதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. அம்மையாருக்கு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. விழாவை மே 31 அன்று வைக்காதீர்கள். அரசு உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியருக்கு ஆண்டின் நடுவில் வயது நிறைந்தாலும் மே மாதக் கடைசி வரை வைத்துக்கொள்வார்கள். பாடம் பாதியில் நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். அதனால் ஊரில் எல்லா முதல்வர்களும் மாணவர் ஒருவரும் இல்லாத கோடை விடுமுறையில் ஓய்வு பெறுகிறார்கள். அரங்கில் இருப்பது சக ஆசிரியர்கள், அடுத்த முதல்வர் நாற்காலிக்கு நிற்கும் மூன்று பேர், அவர்களை ஓரக்கண்ணால் பார்க்கும் மற்றவர்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள், தங்களைப் பற்றி. ஜூன் கடைசியில் வையுங்கள். பிள்ளைகள் இருப்பார்கள், காற்றும் கொஞ்சம் வீசும். அவருடைய அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த உதவியாளரையும் கூப்பிடுங்கள். பேசச் சொல்லுங்கள், உண்மையான கதை அவரிடம்தான் இருக்கும்.

வாசகம் கேட்டீர்கள். அதை நீங்களே எழுதிவிட்டீர்கள், பி.கு. என்று அடைப்புக்குறிக்குள் போட்டு. கடலன் வழுதியின் பாணியில் நான் அதை வெட்டித் தருகிறேன்: 'தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் ஊருக்குக் கிளம்பிய மாணவனைப் பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் போய்க் கூட்டி வந்தவர். பின்னாளில் இக்கல்லூரி முதல்வர்.' கீழே அவர் பெயர், ஆண்டு. வைத்தவர் என்று உங்கள் பெயர் வேண்டுமானால் சின்ன எழுத்தில். கடப்பைக் கல் போதும்.

கிரானைட்டில் மிஞ்சும் பணத்தில் அறக்கட்டளைச் சொற்பொழிவு வைக்கலாமா என்று உங்கள் சங்கத்தில் யாராவது எழுந்து கேட்பார். உட்காரச் சொல்லுங்கள். வைப்புத்தொகையின் வட்டி பேச்சாளரின் ஆட்டோவுக்குக்கூடக் காணாது. தேர்வுக் கட்டணத்துக்கு என்றே ஒரு தொகையைக் கல்லூரி அலுவலகத்தில் போட்டு வையுங்கள். விண்ணப்பப் படிவம், தாசில்தார் சான்றிதழ் எதுவும் கேட்காமல், வகுப்பாசிரியர் சொன்னால் அன்றே கட்டுகிற மாதிரி.

வாசகத்துக்கு எனக்குக் கூலி உண்டு. அழைப்பிதழில் 'முன்னிலை'யில் என் பெயரைப் போடாதீர்கள். போன முறை ஒரு கல்லூரியில் போட்டார்கள், எம்-சீல் வைத்து.