பட்டன் தெரிகிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையா?

கடலூரில் டிப்ளமோ படிக்கும் ஒரு தங்கை, பைத்தான் மொழியில் விளையாட்டு எழுத உதவும் பைகேம் பற்றிக் கேட்டிருக்கிறார்: “பைகேமில் படகு விளையாட்டு எழுதுகிறேன். மெனுவில் ‘கிளம்பு’, ‘உதவி’, ‘வெளியேறு’ என்று மூன்று பட்டன். திரையில் அழகாகத் தெரிகிறது, ஆனால் எத்தனை முறை கிளிக் செய்தாலும் படகு துறைமுகத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது.”

முதலில் ஒன்று செய்து பாருங்கள். பட்டனை விட்டுவிட்டு விண்டோவின் இடது மேல் மூலையில் கிளிக் செய்யுங்கள். படகு கிளம்பிவிட்டதா? அப்படியென்றால் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது.

பைகேமில் பட்டன் என்று தனியாக ஒன்று கிடையாது. நீங்கள் பிளிட் செய்வது, அதாவது திரையில் ஒட்டுவது, வெறும் படம், கிளிக் விழுந்ததா என்று பார்ப்பது ரெக்ட் என்கிற செவ்வகம், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. படத்திடம் கெட்_ரெக்ட் கேட்டால் அகலமும் உயரமும் சரியாக வரும், ஆனால் இடம் 0, 0 என்றுதான் வரும், ஏனென்றால் அதை எங்கே ஒட்டப்போகிறீர்கள் என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. நீங்கள் 400, 250-ல் ஒட்டியிருப்பீர்கள், செவ்வகம் மூலையிலேயே உட்கார்ந்திருக்கும். புதுச்சேரியில் என்னிடம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பதும் இதே தப்புதான். கெட்_ரெக்ட் அழைக்கும்போதே சென்டர் 400, 250 என்று கொடுத்துவிடுங்கள், பிளிட்டுக்கு எண்களை மறுபடி எழுதாமல் அந்த ரெக்டையே கொடுங்கள். அப்புறம் பட்டனை எங்கே நகர்த்தினாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

மூலையிலும் ஒன்றும் நடக்கவில்லையென்றால், கிளிக் போன்ற நிகழ்வுகளை (ஈவன்ட்) எடுத்துத் தரும் ஈவன்ட்.கெட்டை எத்தனை இடத்தில் அழைக்கிறீர்கள் என்று பாருங்கள். விண்டோவை மூடுவதற்கு ஒரு லூப், பட்டனுக்கு இன்னொரு லூப் என்று வைத்திருந்தால் முதல் லூப்பே எல்லா ஈவன்ட்டையும் எடுத்துவிடும், இரண்டாவதுக்கு அநேகமாக எதுவும் மிஞ்சாது. ஒரே லூப் போதும்.

சரி, கிளிக்கை எப்படிப் பிடிப்பது? மவுஸ்.கெட்_பிரஸ்டு வேண்டாம். அது ‘இப்போது விரல் அழுத்திக்கொண்டிருக்கிறதா’ என்று மட்டும்தான் சொல்லும். நொடிக்கு 60 பிரேம் ஓடும்போது, விரல் நொடியில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஆறு பிரேமுக்கு ‘ஆமாம்’ என்று வரும். ‘உதவி’யை அழுத்துவீர்கள், அடுத்த திரையில் அதே இடத்தில் ‘வெளியேறு’ இருந்தால் விளையாட்டே மூடிவிடும். அதற்குப் பதில் மவுஸ்பட்டன்டவுன் ஈவன்ட்டைப் பிடியுங்கள், அது ஓர் அழுத்தலுக்கு ஒரு முறைதான் வரும். ஈவன்ட்.பட்டன் 1 தானா என்று பார்த்து, அதாவது மவுஸின் இடது பட்டன், பிறகு ஒரு புள்ளி செவ்வகத்துக்குள் இருக்கிறதா என்று சொல்லும் ரெக்டின் கொலைட்பாயின்ட்டுக்கு, கிளிக் விழுந்த இடமான ஈவன்ட்.பாஸைக் கொடுங்கள். உண்மை என்று வந்தால், எந்தத் திரை ஓட வேண்டும் என்பதை வைத்திருக்கும் ‘நிலை’ என்ற மாறியை மெனுவிலிருந்து ஆட்டத்துக்கு மாற்றினால் போதும்.

தமிழில் பட்டன் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது, அதை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடாதீர்கள். பைகேமோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை, கட்டம் கட்டமாகத்தான் வரும். தமிழ் எழுத்துருவை ஏற்றினாலும் சில கணினிகளில் ‘வெளியேறு’வின் கொம்பு ‘வ’வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் மூன்று சொற்களையும் வேறு ஏதாவது ஒரு மென்பொருளில் பிஎன்ஜி படமாகச் செய்து ஏற்றிவிடுங்கள். பட்டன் எப்படியும் படம்தான், மேலே சொன்ன எதுவும் மாறாது.