ரீஃபண்ட் மெசேஜ்: அப்பாவைத் திட்டாதீங்க

கேள்வி: எங்க அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இன்கம் டாக்ஸ் ரீஃபண்ட்னு வந்த மெசேஜ நம்பி லிங்க்க அமுக்கி 48,000 ரூபாய விட்டுட்டார். அதையும் ரெண்டு நாள் கழிச்சுதான் வீட்ல சொன்னார். இவ்வளவு படிச்சவர் பேராசைல இப்படி ஏமாறலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பேராசைங்கற வார்த்தைய மொதல்ல வாபஸ் வாங்குங்க. ரீஃபண்ட் ஒண்ணும் லாட்டரி இல்ல, நம்மகிட்ட கூடுதலா பிடிச்ச நம்ம பணம். நிறைய பென்ஷன்காரங்களுக்கு எஃப்டி வட்டில டிடிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிச்சிருப்பாங்க, ரிட்டர்ன் போட்டுட்டு எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, அந்த நேரம் பாத்துதான் மெசேஜ் வருது.

2023ல சுத்துன மெசேஜ் ஒண்ண மத்திய அரசோட பிஐபி ஃபேக்ட் செக்கே போலின்னு அறிவிச்சது. 15,490 ரூபா ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிடுச்சு, சீக்கிரம் ஏறிடும், இதுதான உங்க அக்கவுண்ட் நம்பர், தப்பா இருந்தா கீழ லிங்க்ல திருத்துங்கன்னு இருந்துச்சு. நடுவுல எக்ஸ் எக்ஸ்னு மறைச்சு ஒரு நம்பர், அது நம்ம நம்பரே இல்ல. தூண்டிலே அதான். பணம் வருதேங்கற சந்தோஷத்துல யாரும் அமுக்கறதில்ல, ஐயோ நம்ம பணம் வேற எவன் அக்கவுண்ட்டுக்கோ போகுதேங்கற பதட்டத்துல அமுக்கறாங்க. காலமெல்லாம் நோட்டு திருத்துன கை, தப்பப் பாத்தா சும்மா இருக்குமா?

நிஜத்துல இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல நாம லாகின் பண்ணி வேலிடேட் பண்ணி, அதாவது நம்மளுதுதான்னு சரிபார்த்து வச்ச அக்கவுண்ட்டுக்குத்தான் ரீஃபண்ட் வரும். அதுல கோளாறுன்னா ரீஃபண்ட் ஃபெயில் ஆகும், அப்பவும் அதே போர்ட்டலுக்குள்ள போய்தான் ரீ-இஷ்யூ, அதாவது திரும்ப அனுப்பச் சொல்லி கேக்கணும். ரீஃபண்டுக்காக கார்டு நம்பர், சிவிவி, பேங்க்ல பணம் அனுப்ப வர்ற ஓடிபி எதுவும் எந்த இடத்துலயும் கேக்க மாட்டாங்க. நோட்டீஸ்னு ஏதாவது வந்தா அதுல டின் (DIN) நம்பர், அதாவது அந்த நோட்டீஸுக்கான தனி அடையாள நம்பர் இருக்கான்னு பாருங்க, 2019 அக்டோபர்ல இருந்து அது இருக்கணும், நிஜமான்னு போர்ட்டல்ல லாகின் இல்லாமலே செக் பண்ணலாம்.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ரெண்டு நாள் அவர் ஏன் சொல்லல? இப்ப எனக்கு எழுதுனீங்களே, இதே வார்த்தைய உங்க வாயால கேக்க வேண்டி வருமேன்னுதான் இருக்கும். சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு உடனே அடிச்சிருந்தா பணம் அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்குத் தாவறதுக்குள்ள நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்துச்சு. ரிசர்வ் வங்கி 2017ல போட்ட விதிப்படி நாமளே ஓடிபி குடுத்து ஏமாந்திருந்தாலும் பேங்க்குக்குச் சொன்னதுக்கு அப்புறம் போற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு, சொல்றதுக்கு முன்னாடி போனது நம்ம தலைல. அவ்வளவு விலை அந்த ரெண்டு நாளுக்கு.

இன்னும் புகார் குடுக்கலன்னா இன்னிக்கே 1930க்கும் பேங்க்குக்கும் சொல்லுங்க, கார்ட பிளாக் பண்ணுங்க, போர்ட்டல் பாஸ்வேர்ட மாத்துங்க. அப்புறம் அப்பா பக்கத்துல உக்காந்து லாகின் பண்ணி ரீஃபண்ட் ஸ்டேட்டஸ் பாருங்க. அவரோட நிஜ ரீஃபண்ட் இன்னும் வரவேண்டியிருக்கலாம். இந்தக் கலவரத்துல அந்த அக்கவுண்ட்ட மூடிட்டீங்கன்னா புது அக்கவுண்ட்ட வேலிடேட் பண்ணிடுங்க, இல்லன்னா அதுவும் ஃபெயில் ஆயிடும்.