பிரிக்காமல் அனுப்பிய பெட்டி

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இருபது வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் இங்கே ஒரு சின்னப் புத்தகக் கடையை வாங்கினேன். முதலாளியும் நான்தான், கணக்கு எழுதுவதும் நான்தான். எங்கள் ஊரில் யூதக் குடும்பங்கள் நிறைய. காஸா போர் தொடங்கியதிலிருந்து வாசலருகே பாலஸ்தீன எழுத்தாளர்களுக்கு ஒரு மேசை போட்டிருக்கிறோம், நன்றாக விற்கிறது. யூத, இஸ்ரேலிய எழுத்தாளர்களின் புத்தகங்களைப் பார்வைக்கு வைத்தால் வேலையை விட்டுவிடுவோம் என்கிறார்கள் என்னிடம் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளும். வைக்காவிட்டால் பழைய வாடிக்கையாளர்களின் முகம் வாடுகிறது. போன வருடம் யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கென்று நானே வரவழைத்த பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பதிப்பகத்துக்குத் திருப்பிவிட்டேன், பன்னிரண்டு வயது மகள்தான் லேபிள் ஒட்டித் தந்தாள். "எங்களுக்கேன் ஊர் வம்பு" என்கிறார் கணவர். ஒரு கடைக்காரி நடுநிலையாக இருப்பது எப்படி?

பதில்: தங்கச்சி, நான்கு பக்கக் கடிதத்தில் நடுநிலை என்ற சொல்லை ஏழு முறை எழுதியிருக்கிறீர்கள் (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்). பெட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி. போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்குத்தான் நான் பதில் சொல்லப்போகிறேன்.

நீங்களே தேர்ந்து, நீங்களே ஆர்டர் போட்டு வரவழைத்த புத்தகங்கள். வேனிற்காலத்தில் அட்டவணையைப் பார்த்து, "இது அந்தத் தெருவில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு ஆகும், இது அந்த அம்மாவுக்குப் பிடிக்கும்" என்று ஒவ்வொன்றாக யோசித்துத்தானே எடுத்திருப்பீர்கள்? பெட்டி வந்தது. டேப்பைக் கிழிக்கக்கூட இல்லை. உள்ளே இருந்த எந்தப் புத்தகம் தப்பானது என்று திருப்பி அனுப்பினீர்கள்? உங்களால் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் பார்க்கவில்லை. எழுதியவர்களின் பிறப்பைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

புத்தக வியாபாரம் தெரியாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விற்காத புத்தகத்தைக் கடைக்காரர் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பலாம். அதன் பணம் கணக்கில் வரவாகும். 1930களின் பொருளாதார மந்தத்தில், கையில் காசில்லாத கடைக்காரர்கள் புதிய எழுத்தாளர்களைத் துணிந்து வாங்கட்டும் என்பதற்காகப் பதிப்பகங்கள் செய்துகொடுத்த ஏற்பாடு அது. கடைக்காரருக்குத் துணிச்சல் வரவேண்டும் என்று வைத்த வழியை நீங்கள் பயத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஒரு மாதம் மேசையில் வைத்து, விற்காமல் அனுப்பியிருந்தால் அது வியாபாரம். நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

இதற்கு மேல் அந்த லேபிள். பன்னிரண்டு வயதுப் பெண் கடைக்கு வந்து, அம்மா சொன்ன வேலையைச் செய்திருக்கிறாள். "ஏன் அம்மா திருப்பி அனுப்புகிறோம்?" என்று கேட்டிருப்பாள். கேட்கவில்லை என்றால் அது இன்னும் மோசம், கேட்காமலே அவளுக்குப் புரிந்திருக்கிறது. அவள் வகுப்பில் யூதப் பிள்ளைகள் இருப்பார்கள், உங்கள் ஊரில் இல்லாமலா? அந்தப் பிள்ளைகளின் பண்டிகைப் புத்தகங்களை வெளியே அனுப்பும் வேலைக்கு உங்கள் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். பெற்றவர்கள் பயப்படலாம், தப்பில்லை. தன் பயத்துக்குப் பிள்ளையைக் கூலியாள் ஆக்குவது தப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வீட்டில் பெரியவர்கள் செய்யக் கூசுகிற காரியத்தைச் சின்னவர்களை விட்டுச் செய்விக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் நெடுநாளாக இருக்கிறது. "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று கடன்காரன் முன்னால் பிள்ளையை நிறுத்துவோமே, அந்தப் பழக்கம்தான்.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று முதல் வரியிலேயே சொல்கிறீர்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின, ஓலைச் சுவடிகளும் போயின. எரித்தவர்கள் எதையும் புரட்டிப் பார்த்து எரிக்கவில்லை. அது யாருடைய நூலகம் என்பது மட்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. நீங்கள் தீ வைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அது அநியாயம். ஆனால் படிக்காமல், பிறப்பை மட்டும் பார்த்து ஒரு புத்தகத்தைத் தள்ளுவது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்கு வேறு ஊர்க்காரர் வந்து விளக்க வேண்டியதில்லை. போர்க் காலத்தில் வெளிநாட்டில் ஒரு ஈழத்தமிழர் கவிதை படிக்க மேடை ஏறினால், "முதலில் புலிகளைக் கண்டித்துவிட்டுப் பேசு" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வி எப்படிச் சுடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கவிதை அம்மாவைப் பற்றியதாக இருக்கும், பதில் மட்டும் இயக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இன்று அமெரிக்காவில் யூத எழுத்தாளர்களிடம் அதைத்தான் கேட்கிறார்கள். 2024 மே மாதம் இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றியது. எழுத்தாளர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, யார் சயனிஸ்ட் (யூதர்களுக்கென்று இஸ்ரேல் என்ற நாடு இருக்க வேண்டும் என்பவர்), யார் இல்லை என்று வண்ணம் பூசிய பட்டியல். அந்த ஆகஸ்டில் புரூக்ளினில் பவர்ஹவுஸ் அரீனா என்ற கடையில் ஜோஷுவா லைஃபர் என்ற இளம் யூத எழுத்தாளரின் நூல் வெளியீடு நடக்கவிருந்தது. அவரோடு உரையாட வந்தவர் ஆண்டி பாக்மன் என்ற யூத மதகுரு. அவர் சயனிஸ்ட், அவரை மேடையேற்ற மாட்டோம் என்று கடை ஊழியர் ஒருவர் மறுத்து, நிகழ்ச்சி நின்றுபோனது. லைஃபர் இஸ்ரேல் அரசை வெளிப்படையாக விமர்சிப்பவர். அமெரிக்க யூதர்கள் இஸ்ரேலோடு வைத்திருக்கும் உறவைக் கேள்வி கேட்கும் நூல்தான் அன்று வெளியாக இருந்தது. போருக்கு எதிராக யார் பேசவேண்டும் என்று அந்த ஊழியர் ஆசைப்பட்டிருப்பாரோ, அவர் வாயையே அடைத்துவிட்டார். கடை உரிமையாளர் அது தங்கள் கொள்கை அல்ல என்று சொல்ல வேண்டி வந்தது. கதவு திறக்கும் முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் அவர். உங்கள் கடையில் அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள்.

இஸ்ரேலிய எழுத்தாளர் வேண்டாம் என்கிறார்களே, அந்தப் பிள்ளைகளிடம் சயத் கஷுவாவை எந்தப் பக்கம் வைப்பது என்று கேளுங்கள். இஸ்ரேலில் பிறந்த பாலஸ்தீன அரபு, எழுதியது ஹீப்ருவில். 2014இல் நாட்டை விட்டு அமெரிக்காவுக்கே வந்துவிட்டார். இஸ்ரேலில் வாழ்ந்த பாலஸ்தீன எழுத்தாளர் எமீல் ஹபீபி 1990இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்திடம் விருது பெற்றவர், 1992இல் இஸ்ரேல் அரசின் உயர்ந்த விருதையும் வாங்கினார். இரண்டு பக்கமும் அவரைத் திட்டினார்கள். இஸ்ரேலிய யூத எழுத்தாளர் டேவிட் கிராஸ்மன் 2006 லெபனான் போரில் மகனைப் பறிகொடுத்தவர், பல பத்தாண்டுகளாகப் பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பேசுகிறவர். பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தால் இவர்கள் எல்லோரும் ஒரே லேபிள். பிரித்துப் படித்தால்தான் யார் யார் என்று தெரியும்.

பாலஸ்தீன மேசையை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அது இருக்கட்டும், இன்னும் பெரிதாகட்டும். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு காஸாவில் பல்லாயிரம் பேர் செத்தார்கள், அதில் குழந்தைகள் எத்தனை எத்தனை. உங்கள் ஊழியர்களின் கோபம் போலி இல்லை, அதை நீங்கள் ஒருநாளும் அலட்சியமாகப் பேசக்கூடாது. பாலஸ்தீனப் புத்தகங்களுக்கும் இதே கொடுமை நடக்கிறது. கிழக்கு எருசலேமில் சலாஹுத்தீன் தெருவில் எஜுகேஷனல் புக்‌ஷாப் என்று ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தின் கடை, 1984இலிருந்து இருக்கிறது. 2025 பிப்ரவரியில் இஸ்ரேலியப் போலீஸ் உள்ளே புகுந்து, அட்டையைப் பார்த்துப் பார்த்துப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனது. கடையை நடத்தும் மஹ்மூத் முனாவையும் அஹ்மத் முனாவையும் கைது செய்தது. அந்தக் கடை அலமாரியில் இஸ்ரேலில் பிறந்த இலான் பப்பேயின் நூல்களும் உண்டு, அமெரிக்க யூதரான நோம் சோம்ஸ்கியின் நூல்களும் உண்டு. ஆக்கிரமிப்புக்கு நடுவே கடை நடத்துகிறவர்கள் எழுதியவரின் பிறப்பைப் பார்த்து அலமாரியை அடுக்கவில்லை. நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு நீங்கள் பார்க்கிறீர்கள். அந்தப் போலீஸாவது அட்டையைப் பார்த்தது, தங்கச்சி. நீங்கள் அதையும் பார்க்கவில்லை.

2024 அக்டோபரில் அருந்ததி ராய் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் இஸ்ரேலியப் பண்பாட்டு நிறுவனங்களைப் புறக்கணிப்போம் என்று ஒரு பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டதை உங்கள் ஊழியர்கள் எடுத்துக் காட்டுகிறார்களாம். எனக்கு அதில் உடன்பாடில்லை, அது வேறு விஷயம். அதில் கையெழுத்துப் போட்டவர்களே பாலஸ்தீனர் மீதான ஒடுக்குமுறைக்குத் துணைபோகும், அல்லது வாய் மூடிப் பார்த்திருக்கும் நிறுவனங்களோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டோம் என்றுதான் சொன்னார்கள். அமெரிக்காவில் அச்சான குழந்தைகள் படப் புத்தகத்தில் ஒரு பாட்டி ஹனுக்காவுக்கு உருளைக்கிழங்கு அடை சுட்டுப் பேரனுக்குக் கொடுக்கிறாள் என்றால், அதைக் கடைக்காரர் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் எங்கே இருக்கிறது?

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஊர் வம்பு வேண்டாம் என்பவர் ஊருக்கு நடுவில் புத்தகக் கடை திறக்க விட்டிருக்கக் கூடாது. ஆறு வருடமாக அந்த யூதக் குடும்பங்கள்தான் உங்கள் வீட்டு வாடகைக்கும் பெண்ணின் படிப்புக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அவருக்கும் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்களுடைய பண்டிகைக்கு நாலு புத்தகம் மேசையில் வைப்பது வம்பா?

1925இல் பாஸ்டனில் ஃபேனி கோல்ட்ஸ்டீன் என்ற நூலகர் தன் கிளை நூலகத்தில் யூத நூல்களை எடுத்துப் பார்வைக்கு அடுக்கினார். புலம்பெயர்ந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வெஸ்ட் எண்ட் பகுதி அது, அவரும் சிறுவயதில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்தான். அந்த ஒரு அடுக்குத்தான் வளர்ந்து, இன்று ஹனுக்காவுக்கு முந்தைய மாதம் அமெரிக்கா முழுக்க யூத நூல் மாதமாக இருக்கிறது. வந்தேறிப் பெண் ஒருத்தி துணிந்து அடுக்கினாள். அவளைப் போலவே கப்பலோ விமானமோ ஏறி வந்த நீங்கள் அடுக்கப் பயப்படுகிறீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஊழியர்கள் இருவரையும் கடை மூடிய பிறகு உட்காரவைத்துப் பேசுங்கள். எந்தப் புத்தகத்தையும் படித்துவிட்டு, "இது மனிதர்களைக் கொல்லத் தூண்டுகிறது, விற்கக் கூடாது" என்று அவர்கள் வந்து வாதாடலாம், நீங்கள் காதுகொடுத்துக் கேட்பீர்கள். யூதர் எழுதியது, இஸ்ரேலியர் எழுதியது என்பது இனி இந்தக் கடையில் காரணம் ஆகாது. அவர்களுக்குப் பிடித்த நூலுக்கு அவர்கள் பெயரிலேயே பரிந்துரைச் சீட்டு எழுதி ஒட்டட்டும், நீங்கள் கைவைக்காதீர்கள். அதற்கும் சம்மதிக்காமல் போகிறோம் என்றால் சம்பளப் பாக்கியைத் தீர்த்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஆள் கிடைக்கும் வரை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் கல்லாவில் நில்லுங்கள்.

இஸ்ரேல் என்று தனி மூலை ஒதுக்க வேண்டாம். நாவல் நாவல்களோடு அகர வரிசையில் நிற்கட்டும். பண்டிகைப் புத்தகங்கள் மட்டும் பண்டிகைக்கு மேசைக்கு வரட்டும், கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் செய்வது போல. ஜன்னலை உடைப்பார்கள் என்று பயந்தால் கேமரா வையுங்கள், காப்புறுதியைப் புதுப்பியுங்கள், பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். அந்தப் பயம் நியாயமானதுதான்.

மகளிடம் நீங்களே பேச வேண்டும், அப்பாவை விட்டுப் பேசாதீர்கள். "அன்றைக்கு நான் பயந்து போய் அந்தப் பெட்டியை அனுப்பினேன், உன்னை லேபிள் ஒட்டச் சொன்னது தப்பு" என்று நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைக்காதீர்கள். அவள் உடனே ஒன்றும் சொல்லமாட்டாள், பன்னிரண்டு வயது அப்படித்தான். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது ஏதாவது கேட்பாள். அப்போது போனை எடுத்துப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.

அதே பட்டியலை மறுபடி ஆர்டர் போடுங்கள். எந்தெந்தப் புத்தகம் என்று பழைய இன்வாய்ஸில் இருக்கும். பெட்டி வந்ததும் மகளைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கமாவது படியுங்கள். குழந்தைகள் படப் புத்தகங்கள் அச்சில் தீர்ந்துபோனால் பண்டிகைக்கு முன் கிடைக்காது. அதனால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.