ஆர்கனும் வயதும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெற்கு ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று, ஜெர்மன் ஆர்கன் தினத்தையொட்டி, இங்குள்ள லூத்தரன் தேவாலயத்தில் ஊர்க்காரர்களே மாறி மாறி ஆர்கன் வாசித்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமியில் தொடங்கி, வயது வரிசைப்படி, எண்பதைக் கடந்த ஒருவரில் நிகழ்ச்சி முடிந்தது. சிறுமிக்குக் காலால் வாசிக்கும் பெடல் கட்டைகள் எட்டவில்லை. கைகளால் மட்டும் வாசித்தாள். பெரியவர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘இஷ் ரூஃப் ட்சூ டிர்’ (உன்னை அழைக்கிறேன்) வாசிக்கையில் தடுமாறி, நிறுத்தி, மீண்டும் தொடங்கினார். இருவருக்கும் ஒரே அளவு கைதட்டல். உடன் வந்த நண்பர், “இது பள்ளி ஆண்டுவிழா, கச்சேரி அல்ல” என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

வயலின் கச்சேரியாக இருந்திருந்தால் உங்கள் நண்பரின் பக்கம் பாதியளவேனும் சாய்ந்திருப்பேன். வயலினில் தொடக்கநிலை மாணவரின் நாதமே கரகரக்கும்; கேட்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழாய் ஆர்கனில் விரல் செய்வது ஒரு வால்வைத் திறப்பது மட்டுமே, ஒலிப்பது குழாய்க்குள் புகும் காற்று. கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறாது. நம் ஆர்மோனியக்காரருக்குத் துருத்தியை அழுத்தி ஒலியை ஏற்றி இறக்கும் வசதியாவது உண்டு. ஆர்கன் வாசிப்பவரின் விரலுக்கு அதுவும் இல்லை. ஆகவே அந்தச் சிறுமி எழுப்பிய முதல் சுரத்துக்கு, ஒரு பேராலயத்தின் தலைமை ஆர்கன் கலைஞர் எழுப்பும் சுரத்தின் அதே நிறைவு இருந்திருக்கும். வித்தியாசம் எல்லாம் விரல் கட்டையை விட்டு எப்போது எழுகிறது என்பதில்தான். அதைக் கேட்கப் பழகிய செவிக்கு, பல வயதினர் ஒரே கருவியில் அடுத்தடுத்து வாசிப்பதைப் போல் சுவையான நிகழ்ச்சி வேறில்லை.

இன்னொன்றும் உண்டு. குழந்தைக்குச் சின்ன வயலின் வாங்கி வீட்டில் கொடுத்துவிடலாம். ஆர்கனில் ஒரே வகை ஒலிதரும் குழாய் வரிசையை ஸ்டாப் என்பார்கள்; பதினாறடி ஸ்டாப்பின் மிகப் பெரிய குழாய் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம். அதை எந்த வீட்டில் நிறுத்துவது? ஆர்கன் கற்பவர் தேவாலயத்தின் சாவியைக் கேட்டு வாங்கித்தான் கற்க வேண்டும். குழாய்களுக்குக் காற்றூட்டும் மின்விசிறி வருவதற்கு முந்தைய நூற்றாண்டுகளிலோ துருத்தி மிதிக்க ஆள் இல்லாமல் ஒரு சுரமும் எழாது. ஊர் இடம் கொடுக்காமல் ஒருவர் ஆர்கன் கலைஞராக முடியாது என்னும்போது, கற்பவர்களை ஊர் முன் அமர்த்துவதைக் கச்சேரிக்குப் புறம்பானதாக நான் எண்ணவில்லை.

பெரியவர் எடுத்துக்கொண்ட படைப்பையும் கவனியுங்கள். அது பாக்கின் ‘ஓர்கல்பூஷ்லைன்’ (சிறு ஆர்கன் நூல்) தொகுப்பில் உள்ளது. 164 கோரல்களுக்கு, அதாவது லூத்தரன் தேவாலயப் பாடல்களுக்கு, திட்டமிட்டு 46 முன்னிசைகளோடு நின்றுபோன அந்தச் சுவடியின் முகப்பிலேயே, இது தொடக்கநிலை ஆர்கன் வாசிப்பாளருக்கானது என்று அவர் எழுதியிருக்கிறார். தொகுப்பில் மூன்றே குரல்களில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசை இழைகளில்) அமைந்தது இது ஒன்றுதான்: வலக்கையில் மெட்டு, இடக்கையில் ஓயாத பதினாறாம் பங்குச் சுரங்கள், கால்களில் நிதானமாகத் திரும்பத் திரும்ப விழும் தாழ்ந்த சுரங்கள். டோக்காட்டா என்னும் விரைவான விரல்வித்தைப் படைப்பில் இரண்டு சுரம் பிசகினால் தேவாலயத்தின் எதிரொலி விழுங்கிவிடும். இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எண்பது வயதுக்கு மேல் இதைத் தேர்ந்தவர் எளியதைத் தேடிப் போனவர் அல்லர். முதுமையும் இந்தக் கருவிக்குப் புதிதல்ல. 1844-இல் பிறந்த பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் விதோர், பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் 1870-இல் தற்காலிகமாக அமர்த்தப்பட்டு, 1933 வரை பதவியில் இருந்தார்.

உங்கள் நண்பரோடு நான் உடன்படும் இடம் ஒன்று உண்டு: வயது வரிசை. கடிதத்தில் அதைப் படித்ததும் எனக்கும் ஆண்டுவிழாதான் நினைவுக்கு வந்தது. அப்படி அடுக்கினால் கேட்பவர் இசையை விட்டுவிட்டு வயதைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்; பரிவில் கைதட்டுகிறார். மெட்டுகளை வைத்து அடுக்கியிருக்கலாம். சிறுமி அந்தக் கோரலின் மெட்டை மட்டும் வாசிக்க, அடுத்தே பெரியவர் பாக் அதை என்ன செய்தார் என்று காட்டியிருந்தால், அவையோர் அந்த மெட்டை அடையாளம் கண்டிருப்பார்கள். மெட்டைச் சிறுமியின் வலக்கையும், மற்ற இரு குரல்களை அவளுடைய ஆசிரியரும் பகிர்ந்துகொண்டு ஒரே இருக்கையில் வாசிக்கவும் வழியுண்டு.

ஜெர்மனியில் சுமார் 50,000 ஆர்கன்கள் இருக்கின்றன. 2017-இல் யுனெஸ்கோ அந்நாட்டின் ஆர்கன் கட்டும் கைத்தொழிலையும் ஆர்கன் இசையையும் சேர்த்தே மரபுப் பட்டியலில் ஏற்றது. அத்தனைக்கும் தேர்ந்த கலைஞர்களையே எதிர்பார்த்தால் பெரும்பாலானவை மூடியே கிடக்கும். உங்கள் ஊர் அமைப்பாளர்கள் அறிமுகமானவர்களாக இருந்தால், அடுத்த ஆண்டு வரிசையை மாற்றும்படி மட்டும் சொல்லிப் பாருங்கள். வாசிப்பவர்களை மாற்ற வேண்டாம்.