விசிறி ரிட்ராக்டர் முழுதாக மூடாதபோது

மூடாத விசிறி ரிட்ராக்டரை அடுத்த அறுவைக்குத் தட்டில் வைக்கவே வேண்டாம். லேப்பராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் அறுவையில், விசிறிபோல இதழ்களை விரித்துக் கல்லீரலை ஒதுக்கிப் பிடிக்கும் உங்கள் 10 மி.மீ. கருவியில், திருகைக் கடைசிவரை திருப்பியும் இரண்டு இதழ்கள் வெளியே நிற்கின்றன, சில முறை ஸ்டெரிலைஸ் செய்த பிறகுதான் இப்படி ஆனது என்கிறீர்கள்.

அப்படியானால் பெரும்பாலும் காரணம் இதழ்களின் அடியில் காய்ந்துபோன ரத்தம். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் மிகக் குறுகியது. மூடிய நிலையில் கழுவினால் பிரஷ் அங்கே போகாது. மிச்சமிருக்கும் புரதம் ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சூட்டில் இறுகிவிடும்.

கழற்றக்கூடிய மாடல் என்றால் முழுவதும் பிரித்து, இதழ்களை விரித்தபடி புரதத்தைக் கரைக்கும் என்சைம் கரைசலில் ஊறவையுங்கள். நேரம் தயாரிப்பாளர் சொன்னபடி. மென்மையான பிரஷால் தேய்த்து, அப்புறம் தண்டின் உள்ளே நீரைப் பாய்ச்சுங்கள். நீரில் கரையும் லூப்ரிகன்ட் மட்டும் போடுங்கள். எண்ணெய்ப் படலத்தை நீராவி ஊடுருவாது. ஸ்டெரிலைஸ் செய்யும் முன்பே, அதே அளவு ட்ரோக்காருக்குள் (கருவியை வயிற்றுக்குள் செலுத்தும் குழாய்) நுழைத்து, விரித்து, மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். எங்கும் உரசக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் அதே இதழ்கள் நின்றால் அவை வளைந்திருக்கும். தயவுசெய்து குறடால் நிமிர்த்தாதீர்கள். அப்படி நிமிர்த்திய உலோகம் வயிற்றுக்குள் முறியலாம். பழுதுபார்க்க அனுப்புங்கள்.

அறுவையின் நடுவே மூடாமல் போனால் விஷயம் வேறு. இதழ்களுக்கிடையே கொழுப்புத் திசு மாட்டியிருக்கலாம். இழுக்காமல், கேமராவில் பார்த்தபடி மறுபடி விரித்து, திசுவை விடுவித்த பிறகே மூட வேண்டும். அதை அறுவை மருத்துவர்தான் செய்யவேண்டும்.