ஸ்லைடிங் கதவுக்கு உள்பக்கம் என்ன கைப்பிடி?

கேள்வி: திருவான்மியூரில் எங்கள் ஃபிளாட். படுக்கையறை வாசல் 3 அடி அகலம். அதற்கு, சுவருக்கு வெளியே மேல் ரயிலில் தொங்கி ஓடும் ‘பார்ன் டோர்’ செய்து வந்திருக்கிறது. தேக்கு, 35 மி.மீ. கனம். இரண்டு பக்கமும் ‘டி’ ஹேண்டில்தான் (D எழுத்து வடிவில் வெளியே நிற்கும் கைப்பிடி) போட வேண்டும் என்கிறார் கார்பெண்டர். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அவரே வாங்கி வருவாராம். உள்பக்கம் நிலையில் இடிக்காதா? அந்த அறையில் இருக்கப்போவது விரல் மூட்டு வலி உள்ள என் அம்மா.

பதில்: இடிக்கும். உங்கள் சந்தேகம்தான் சரி. இந்தக் கதவு சுவரை உரசாத குறையாக ஓடுவது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே அரை அங்குலம் இருந்தாலே அதிகம். ‘டி’ ஹேண்டிலோ ஒன்றரை, இரண்டு அங்குலம் துருத்தி நிற்கும். கதவைத் திறக்கத் தள்ளினால் முழுதாகத் திறக்கும் முன்பே நிலைக்காலில் முட்டும். பிடித்திருக்கும் விரல்களும் நடுவில் மாட்டும். வெளிப்பக்கம் ‘டி’, உள்பக்கம் கதவில் குழி வெட்டிப் பதிக்கும் கன்சீல்ட் ஹேண்டில் என்பதே பொதுவான விடை. உயரம், டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து கைப்பிடியின் நடுப்பகுதிக்கு 36 முதல் 40 அங்குலம்.

உயரத்தில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. தப்பு நடப்பது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில். சாதாரணக் கதவுப் பழக்கத்தில் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்தில் குழியை வெட்டிவிடுவார்கள். ஆனால் இந்தக் கதவு வாசலைவிட அகலமானது. மூடினால் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் போல சுவர்மேல் ஏறி நிற்கும். அப்படி வெட்டிய குழி மூடிய கதவில் நிலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அறைக்குள் இருப்பவருக்குக் கை எட்டாது. தேக்கில் வெட்டிய குழியை அடைத்தால் தழும்பு தெரியாமல் இருக்காது. ஆகவே முதலில் கதவை ரயிலில் தொங்கவிட்டு, மூடி, உள்ளே போய் நின்று நிலையின் விளிம்பைக் கதவின்மேல் பென்சிலால் கோடு இழுங்கள். குழியின் விளிம்பு அந்தக் கோட்டிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் உள்ளே வரட்டும். பிறகு கதவை இறக்கி வெட்டலாம். இறக்கி ஏற்றுவது கூலி அதிகம் என்று முனகுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெளி ‘டி’ ஹேண்டிலின் போல்ட்டும் உள்குழியும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. 10 அங்குல ‘டி’, 6 அங்குலக் குழி என்று எடுத்தால், இரண்டு போல்ட்டுகளுக்கும் நடுவில் குழி அடங்கிவிடும். போல்ட் தலை உள்பக்கம் புடைத்து நிற்காமல் மரத்துக்குள் இறங்க வேண்டும். பெட்டியோடு வரும் போல்ட் பெரும்பாலும் அலமாரிக் கதவின் கனத்துக்கானது, 35 மி.மீ.க்குப் போதாது.

இப்போது அந்த 304. கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். ஒட்டவில்லை, ஆகவே 304 என்பார்கள். இதை நம்பி ஏமாறாதவர் குறைவு. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது! காந்தச் சோதனையால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. 202-ல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். உங்களைப் போல் கடற்காற்றில் இருப்பவர்கள் வீட்டில் அதில்தான் முதலில் பழுப்புப் புள்ளி விழும். பில்லில் ‘எஸ்.எஸ். 304’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். கார்பெண்டர் வாங்கி வந்தால் பில் உங்கள் கைக்கு வராது. பல கடைகளில் அவருக்கான கமிஷனும் உங்கள் விலையிலேயே ஏறியிருக்கும். இதற்கெல்லாம் வழிவிடுவது கொட்டேஷனில் வரும் ‘ஹார்டுவேர் – லம்ப்சம்’ (எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை) என்ற ஒற்றை வரி. லட்சக்கணக்கில் வேலை எடுப்பவர்கள்கூட எந்தக் கைப்பிடி, எந்த ரகம், எத்தனை என்று எழுதித் தருவதில்லை. கேட்டால் ‘நல்லதாவே போட்டுடலாம் சார்’ என்பார்கள். வீட்டுக்காரர்கள் அதில் அப்படியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் வரை இது மாறாது. கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் பிரித்து எழுத வையுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன குழிக் கைப்பிடி, விரல் நுனியை மடக்கிப் பிடிக்க முடிகிறவர்களுக்குத்தான். தேக்கில் 7 அடி உயரக் கதவு 45, 50 கிலோ வரும். உருளை நன்றாக இருந்தால் ஓடும், ஆனால் நகர ஆரம்பிக்கும் அந்த முதல் இழுப்பை விரல் மூட்டுதான் தாங்கும். கதவை மோதாமல் மெதுவாக மூடவைக்கும் சாஃப்ட் குளோஸ் பொருத்தியிருந்தால் மூடிய நிலையிலிருந்து இழுக்க இன்னும் பலம் வேண்டும். அதைக் கழற்றிவிடச் சொல்வேன். இவருக்கு உள்ளங்கையை நுழைத்து இழுக்கும் ‘டி’ ஹேண்டில்தான் உள்பக்கமும் வேண்டும். அது நிலையில் முட்டுவதற்கு இரண்டரை அங்குலம் முன்பே கதவு நிற்கும்படி ரயிலில் ஸ்டாப்பரை நகர்த்தி இறுக்க வேண்டும், அப்போதுதான் விரல் நசுங்காது. இதற்கு விலை உண்டு: ஓரத்திலிருந்து 5 அங்குலத்தில் கைப்பிடி என்றால், திறந்த கதவு சுமார் 8 அங்குலம் வாசலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். 36 அங்குல வாசலில் மிஞ்சுவது 28. வாக்கர் போகும். சக்கர நாற்காலி வந்தால் கை இடிக்காமல் தள்ள முடியாது. அதனால் ஸ்டாப்பரின் இப்போதைய இடம், கதவு முழுதாகத் திறக்கும் இடம் இரண்டுக்கும் இன்றே ரயிலில் அளவு குறித்து வையுங்கள். பின்னால் நாற்காலி தேவைப்பட்டால் உள் ‘டி’யைக் கழற்றி, ஸ்டாப்பரைத் தள்ளி, முழு அகலத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உள்பக்கத் தாழ்ப்பாள் போட்டால் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் கொக்கிப் பூட்டாக இருக்கட்டும்.